பேனலுக்குள் பேக்லைட் ஷீட் கருகுகிறது: எந்த ஷீட்டை மாற்றிப் போடுவது?

திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். மெயின் பேனலில் பஸ்பாரை, அதாவது கரண்ட்டை எடுத்துச் செல்லும் உலோகப் பட்டையை, தாங்கும் பழுப்பு ஷீட், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே கருகிக் கிடந்து, ஒரு திங்கட்கிழமை காலை ஸ்விட்ச் போட்டதும் வெடித்துவிட்டது. எலக்ட்ரீசியன் கருகலைச் சுரண்டி வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். மழைக்காலம் வந்ததும் அதே இடத்தில் மறுபடியும் கருகல். இப்போது கடைக்காரர் பச்சை நிற கிளாஸ் எபாக்சி ஷீட்டைக் காட்டி, "இது ஆர்க்கை (தாவி எரியும் மின்பொறியை) 120 செகண்ட் தாங்கும்" என்கிறார். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா, புது ஷீட் வரும்வரை பழையதைத் திருப்பிப் போட்டு ஓட்டலாமா என்பது கேள்வி. கருகிய ஷீட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

விலையைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும், ஷார்ட் எதுவும் ஆகாமல், ஃபியூஸும் போகாமல், ஒரு ஷீட் ஏன் தானாகக் கருகுகிறது, வேறு ஷீட் போட்டால் அது நிற்குமா என்பதுதான் இவருக்குத் தெரிய வேண்டியது. நான் கோவையில் பேனல் போர்டு கட்டும் வேலையிலும், அப்புறம் மில்களிலும் சாயப்பட்டறைகளிலும் பழுது பார்க்கும் வேலையிலும் பல வருடம் இருந்தவன். என் அனுபவம் 415 வோல்ட் பக்கம்தான். எச்.டி. (உயர் அழுத்த மின்சாரம்) பக்கத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் இடத்துக்குப் பச்சை ஷீட் வேண்டாம். ஜி.பி.ஓ.-3 என்று கேட்டு கிளாஸ் பாலியெஸ்டர் ஷீட்டை வாங்குங்கள். அதைவிட நல்லது, முடிந்தால் ஷீட்டையே விட்டுவிட்டு டி.எம்.சி. என்ற, அச்சில் வார்த்த பஸ்பார் சப்போர்ட்டுக்கு மாறுவது.

ஆனால் அதற்கு முன், கருகல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். படத்தை வைத்து நூறு சதவீதம் சொல்ல முடியாது, நீங்களே கிட்டப் போய்ப் பாருங்கள், மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் சோதித்த பிறகு. ஒரு போல்ட்டைச் சுற்றி வட்டமாக நிறம் மாறி, ஷீட் கொப்பளித்திருந்தால் அது லூஸ் கனெக்‌ஷனின் சூடு. அதற்கு எந்த ஷீட்டும் மருந்தல்ல. லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது), வாஷர், டார்க் (போல்ட்டை முறுக்கும் அளவு) இவற்றைத்தான் பார்க்க வேண்டும். புகைக்கரி பரவலாகப் படிந்து, செம்பு உருகிச் சின்னச் சின்ன மணிகளாகத் தெறித்திருந்தால் பெரிய கரண்ட்டில் ஆர்க் அடித்திருக்கிறது. மூன்றாவது வகை, ஒரு போல்ட்டிலிருந்து இன்னொன்றை நோக்கி மெல்லிய கருங்கோடு கிளை கிளையாகப் பிரிந்து, வேர் ஓடியது போல ஷீட்டின் மேற்பரப்பில் போகும். இதைத்தான் டிராக்கிங் என்கிறோம். உங்கள் படத்தில் கீழே வேர்க்கோடும் அதன் மேல் புகைக்கரியும் தெரிகின்றன. டிராக்கிங் முதலில் நடந்து, அது முற்றிய பிறகு கடைசியாக ஆர்க் அடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். திங்கட்கிழமை, மழைக்காலம் என்று நீங்கள் சொன்ன இரண்டு விவரங்களும் அதற்குப் பொருந்துகின்றன.

டிராக்கிங் நடக்கும் விதம் இது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, அடர் நிறமானால் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறீர்கள், கூடவே சோடா ஆஷும். அந்தத் தொட்டிகளின் ஆவியும் தெறிப்பும் உப்புத் தூசியும் பேனலுக்குள் நுழைந்து ஷீட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிகின்றன. காய்ந்த உப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அது தினமும் நடக்கும். சனிக்கிழமை ராத்திரி நிறுத்திய பேனல் ஞாயிறு முழுக்கக் குளிர்ந்து, திங்கள் காலை பாய்லரைப் பற்றவைத்து நீராவி கிளம்பியதும் உள்ளே வியர்க்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் ஊரே காலியாகித் திரும்பி வந்து யூனிட்டைத் திறக்கும் நாள் இன்னும் மோசம். உப்பும் ஈரமும் சேர்ந்த அந்த மெல்லிய படலத்தின் வழியாகச் சில மில்லி ஆம்பியர் கரண்ட் கசியும். கரண்ட் ஓடினால் சூடு, சூட்டில் படலம் ஏதோ ஒரு குறுகிய இடத்தில் முதலில் காயும். முழு வோல்ட்டேஜும் அந்தக் காய்ந்த கீற்றின் மேல் விழும், அங்கே ஊசிமுனைப் பொறி ஒன்று தாவும். பொறி பட்ட இடத்தில் ஷீட்டின் ரெசின் (பிசின்) சிதைந்து கரியாகும். கரி கரண்ட்டைக் கடத்தும், அதனால் அடுத்த பொறி இன்னும் கொஞ்சம் தள்ளி விழும். இப்படி மாதக்கணக்கில் நீண்டு, இரண்டு ஃபேஸுக்கும் நடுவே மிச்சமிருக்கும் தூரம் போதாமல் போகும் நாளில் வெடிக்கும்.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்றால், கடைசி நொடி வரைக்கும் அது பார்க்கும் அளவுக்குக் கரண்ட்டே ஓடவில்லை. எர்த்துக்குக் கசிந்திருந்தால், ஆர்.சி.சி.பி. (எர்த் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அது பிடித்திருக்கும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே கசிந்தால் அதற்கும் தெரியாது. மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால்கூட, மத்தியான வெயிலில் பார்த்தால் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டி ஏமாற்றும். திங்கள் காலை, சப்ளை கொடுப்பதற்கு முன் பார்க்கும் ரீடிங்தான் உண்மையைச் சொல்லும்.

இனி ஷீட்டுக்கு வருவோம். கடையில் ஹைலம், பேக்லைட் என்று எல்லோரும் சொல்லும் பழுப்பு ஷீட், எந்தக் கம்பெனி செய்தாலும், காகிதத்தை ஃபீனாலிக் ரெசினில் நனைத்து அடுக்கிச் சூட்டில் அழுத்தியது. வேதியியலாளர் பேக்லண்ட் 1907-ல் உருவாக்கிய அதே ரெசின் குடும்பம். இதை மட்டமான பொருள் என்று சொல்ல மாட்டேன். உலர்ந்த இடத்தில், எண்ணெய்க்குள், பலம் வேண்டிய இடத்தில் இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது. ஆனால் ஃபீனாலிக்கின் மூலக்கூறு முழுக்க பென்சீன் வளையங்கள். சுட்டால் ஏறக்குறைய பாதி எடை கெட்டிக் கரியாக நின்றுவிடும். ராக்கெட் நாசிலின் உட்பூச்சுக்கு ஃபீனாலிக்கைத் தேர்ந்தெடுப்பதே அந்தக் கரி தரும் பாதுகாப்புக்காகத்தான். பேனலுக்குள் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு உள்ளே இருப்பது காகிதம். வெட்டிய விளிம்பிலும் துளையின் உட்சுவரிலும் அது ஈரத்தை உறிஞ்சும். உங்கள் எலக்ட்ரீசியன் சுரண்டியது மேலே தெரிந்த கரியை மட்டும்தான், காகித அடுக்குகளுக்குள் இறங்கிய கரியும் ஈரமும் அங்கேயே இருந்தன. அவற்றின் மேல் வார்னிஷ் அடித்ததால் மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. புது ஷீட்டின் விளிம்புக்கு வார்னிஷ் அவசியம், கருகிய ஷீட்டுக்கு வார்னிஷால் பயனில்லை.

கடைக்காரர் சொன்ன செகண்ட் கணக்கு பொய்யில்லை. அது ஏ.எஸ்.டி.எம். டி495 என்ற அமெரிக்கத் தரச் சோதனையிலிருந்து வருவது. சுத்தமான, காய்ந்த துண்டின் மேல் இரண்டு டங்ஸ்டன் முனைகளை வைத்து, 12,500 வோல்ட் அளவில், வெறும் 10 மில்லி ஆம்பியர் ஆர்க்கை விட்டு விட்டு அடிப்பார்கள். நிமிடத்துக்கு நிமிடம் கடுமை கூடும். முதல் மூன்று நிமிடம் விட்டு விட்டு, நான்காவது நிமிடம் தொடர்ச்சியாக, அப்புறம் 20, 30, 40 மில்லி ஆம்பியர் என்று ஏறி 420 செகண்டில் முடியும். மேற்பரப்பில் கடத்தும் பாதை விழுந்து ஆர்க் அணையும் நேரம்தான் அந்த எண். கிளாஸ் எபாக்சிக்கு 120 செகண்ட் வரை வருவது சாதாரணம். பழுப்பு ஷீட் சில செகண்டிலேயே விழுந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தால் பச்சை ஷீட் எங்கேயோ இருக்கிறது. ஆனால் சோதனையில் உப்பும் இல்லை, ஈரமும் இல்லை. அதிக வோல்ட்டேஜ், குறைந்த கரண்ட் ஆர்க்கில் கிடைத்த இந்த வரிசையை வேறு வகை ஆர்க்குகளுக்கும், கடத்தும் அழுக்கினால் வரும் ஆர்க்குக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று அந்தத் தர ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே இந்த எண்ணை வைத்து உங்கள் பேனலைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது.

உங்களுக்கு வேண்டியது சி.டி.ஐ. என்ற எண், டிராக்கிங்கைத் தாங்கும் திறனை ஒப்பிட உதவுவது. ஐ.இ.சி. 60112 என்ற சர்வதேசத் தரச் சோதனையில், 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிளாட்டினம் முனைகளை வைத்து, நடுவே 0.1 சதவீத அம்மோனியம் குளோரைடு கரைசலை 30 செகண்டுக்கு ஒரு சொட்டாக 50 சொட்டு விடுவார்கள். டிராக் விழாமல் தாங்கும் அதிகபட்ச வோல்ட்டேஜ்தான் சி.டி.ஐ., அளவு 600-ல் நிற்கும். உப்புக் கரைசல் சொட்டச் சொட்ட நடக்கும் இந்தச் சோதனைதான் சாயப்பட்டறைக்குக் கிட்டே வருகிறது. இதில் பழுப்பு ஷீட் 100-க்கும் 175-க்கும் நடுவே எங்கோ நிற்கும். பச்சை ஷீட், அதாவது எஃப்.ஆர்.4 வகை, பெரும்பாலும் 175-லிருந்து 250-க்குள்தான். உயர்ந்த சி.டி.ஐ. உள்ள எபாக்சி தனியாகச் செய்கிறார்கள், ஆனால் கேட்காமல் கையில் வருவது அதுவாக இருக்காது. கிளாஸ் பாலியெஸ்டர் ஜி.பி.ஓ.-3 ஷீட் 600-ஐத் தொடும். மூன்று மடங்கு விலை கொடுத்துப் பச்சை ஷீட் வாங்கினால் பலமும் சூடு தாங்கும் சக்தியும் நன்றாகவே கூடும், நீங்கள் அவதிப்படும் விஷயத்தில் முன்னேற்றம் கொஞ்சம்தான். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஜி.பி.ஓ.-3 அப்படித் தாங்குவதற்குக் காரணம் கிளாஸ் மட்டுமல்ல. அந்த ரெசினுக்குள் அலுமினா டிரைஹைட்ரேட் என்ற வெள்ளைப் பொடியை நிறையக் கலந்திருப்பார்கள். சுமார் 200 டிகிரி சூடு ஏறியதும் அந்தப் பொடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தண்ணீரை நீராவியாக வெளிவிடும். பொறி விழும் இடம் அந்த நொடியே குளிர்கிறது, உண்டாகும் கரியும் ஒட்டித் தொடர் பாதையாக மாற வழியில்லாமல் போகிறது. நெருப்பை அடக்கவும் அதே நீராவி உதவுகிறது. இதே வேலையை வேறு வழியில் செய்வது மெலமைன். அதன் வளையத்தில் நைட்ரஜன் நிறைய இருப்பதால், சிதையும்போது பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும், கரி குறைவு. கிளாஸ் துணியில் மெலமைன் ஏற்றிய ஷீட் ஆர்க்குக்கும் டிராக்கிங்குக்கும் அருமையான பொருள். ஆனால் விலை அதிகம், நொறுங்கும் குணம் உண்டு, சில்லறையில் கிடைப்பதும் கஷ்டம். மெலமைன் என்றதும் சன்மைக்கா ஒட்டிய பலகை ஞாபகம் வரும். அதைப் பேனல் பேஸாகப் போட்டிருப்பதைச் சின்னத் தறிக்குடோன்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து செய்யாதீர்கள். மேலே காகிதக் கனத்துக்குத்தான் மெலமைன், அடியில் இருப்பது அதே ஃபீனாலிக் காகிதம், அதற்கும் கீழே மரம்.

வாங்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். ஜி.பி.ஓ.-3 பெரும்பாலும் சிவப்பாக வரும், ஆனால் சிவப்பு வெறும் நிறமி, எதற்கும் போடலாம். எஃப்.ஆர்.பி. ஷீட் என்று கேட்டால் கூரைக்குப் போடும் ஷீட்டைக்கூட எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதில் அந்த வெள்ளைப் பொடி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. கோவையில் காட்டூர், பட்டேல் ரோடு பக்கம் விசாரித்தால் ஜி.பி.ஓ.-3 என்றோ, ஐ.இ.சி. 60893 கணக்கில் யு.பி. ஜி.எம். 203 என்றோ பெயர் சொல்லிக் கேளுங்கள், சி.டி.ஐ. போட்ட டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். எடை பார்த்தும் ஓரளவு பிடிக்கலாம். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 6 மில்லிமீட்டர் கனத் துண்டு, ஃபீனாலிக் காகிதம் என்றால் முக்கால் கிலோ பக்கம் இருக்கும், கிளாஸ் பாலியெஸ்டர் என்றால் ஒரு கிலோ பக்கம். சிவப்புச் சாயம் போட்ட காகித ஷீட்டை இது காட்டிக்கொடுத்துவிடும். எபாக்சியையும் பாலியெஸ்டரையும் மட்டும் எடையில் பிரிக்க முடியாது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. பெரிய ஆர்டராக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் பெங்களூரு சி.பி.ஆர்.ஐ. (மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம், ஒரு பேனலுக்கு அது அதிகம்.

கனமான ஷீட் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டிராக்கிங் மேற்பரப்பில் ஓடுவது, 6-க்குப் பதில் 12 மில்லிமீட்டர் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். தூரம்தான் கணக்கு. ஐ.இ.சி. 60664-1 அட்டவணைப்படி, 400 வோல்ட்டுக்கு, ஈரமும் அழுக்கும் சேரும் மூன்றாம் படி மாசுள்ள இடத்தில், சி.டி.ஐ. 600 உள்ள பொருளுக்கு மேற்பரப்புத் தூரம் குறைந்தது 5 மில்லிமீட்டர், 175-லிருந்து 400-க்குள் உள்ள பொருளுக்கு 6.3 மில்லிமீட்டர். இவை அடிமட்ட எண்கள். நல்ல பேனல்காரர்கள் ஃபேஸுக்கு ஃபேஸ் 25 மில்லிமீட்டர் விடுவதையே பழக்கமாக வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு அதற்கும் மேல் விட்டாலும் நல்லதுதான். எப்போதும் கடத்தும் நிலையிலேயே இருக்கும் அழுக்குக்கு அந்த அட்டவணை எண்ணே கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்றே வழி. இடம் பற்றாவிட்டால் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே ஷீட்டில் ஒரு நீளத் துளை வெட்டிவிடுங்கள். அகலம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தூரத்தில் சேராது, நான் 5 வரை வெட்டச் சொல்வேன், குறுகலாக இருந்தால் உப்பும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். ஷீட்டைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் தூசி தங்குவது குறையும். கிளாஸ் ஷீட்டில் சாதா டிரில் பிட் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பிட் போடுங்கள். தூள் அரிக்கும், மூச்சுக்குள் போகக் கூடாது, மாஸ்க் கட்டாயம். துளைக்குள்ளும் விளிம்பிலும் வார்னிஷ் தொட்டுவிடுங்கள்.

முதலில் சொன்ன டி.எம்.சி. சப்போர்ட்டும் கிளாஸ் பாலியெஸ்டர் குடும்பம்தான், அச்சில் வார்த்தது. வெட்டிய விளிம்பே இல்லை, ஃபேஸுக்குத் தனித்தனி சப்போர்ட்டாக வைத்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் தொடர்ச்சியான மேற்பரப்பும் இல்லை. பஸ்பாரைத் தாங்குவது மட்டும்தான் வேலை என்றால், ஷீட் வெட்டித் துளை போடும் கூலியையும் சேர்த்துப் பார்க்கும்போது செலவிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய மில் பேனலிலிருந்து எடுத்த சாம்பல் நிறக் கெட்டிப் பலகையை "இது எரியவே எரியாது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆர்க் தாங்க ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகை போட்டார்கள். அதை அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

நல்ல ஷீட் போட்டும் உப்பு உள்ளே வந்துகொண்டிருந்தால், எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. 600 என்ற எண் 50 சொட்டுக்கு உரியது, பத்து மழைக்காலத்துக்கு அல்ல. அதனால் பேனலைத் தொட்டி ஹாலிலிருந்து தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடைத்து, கதவு ரப்பரை மாற்றி, உள்ளே தெர்மோஸ்டாட்டுடன் ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஓட வேண்டும், அதற்குத் தனி சப்ளை கொடுங்கள். சுத்தம் செய்யும்போது பலரும் தின்னர் போட்டுத் துடைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு தின்னரில் கரையாது. மெயினை ஆஃப் செய்து பூட்டிவிட்டு, தூசியை வாக்குவத்தால் உறிஞ்சி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெக்கர் பார்த்த பிறகு சப்ளை கொடுங்கள். உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் துடைத்தால் உப்பை நீங்களே பூசிய கதையாகிவிடும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

பழைய ஷீட்டைத் திருப்பிப் போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். கரி துளைச் சுவர் வழியாக அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருக்கும், போல்ட் உட்காருவதும் அதே துளைகளில்தான். ஜி.பி.ஓ.-3 வரத் தாமதமானால் புது பழுப்பு ஷீட்டே வாங்கி, துளைகளுக்கு நடுவே பழையதைவிட அதிக இடைவெளி விட்டுப் போட்டு, விளிம்புக்கு வார்னிஷ் அடித்து ஓட்டுங்கள். அது ஓடும் வரைக்கும் ஒவ்வொரு திங்களும் சப்ளை கொடுக்கும் முன் ஃபேஸுக்கு ஃபேஸ் மெக்கர் பார்த்துக் குறித்து வையுங்கள். பார்க்கும்போது பஸ்பாரில் தொங்கும் லோடுகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் வைண்டிங் வழியாகப் பூஜ்ஜியம்தான் காட்டும். ரீடிங் ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் ஸ்விட்ச் போடாதீர்கள். வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்தால், ஒரு மெகா ஓமுக்கு மேலே இருந்தாலும் நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள்.